பொய்யன் என்ற பழியும் மறுமொழி சொல்லும் உரிமையும்

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு கனவானிடம் "நீ சொல்வது பொய்" என்றால் அவர் வாளை உருவுவார். எது உண்மை என்ற ஆராய்ச்சிக்கு அங்கே இடமில்லை. மானம் போனதா என்பதே கேள்வி. ஆனால் இந்த மானம் சமமானவர்களுக்கு மட்டுமே உரியது. வேலைக்காரன் சவால் விட முடியாது.

தமிழரிடையே இந்தப் பழிக்கு மறுமொழி சத்தியம். கோயில் வாசலில் எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்தவனை அதற்குமேல் சந்தேகித்தால், அது சாமியையே சந்தேகித்ததாகும். 1873ஆம் ஆண்டின் இந்தியச் சத்தியப் பிரமாணச் சட்டம் இவ்வழக்கத்தை நீதிமன்றத்துக்குள்ளும் அனுமதித்தது. எதிராளி இன்ன சத்தியம் செய்தால் கட்டுப்படுகிறேன் என்று ஒருவர் சொல்லி, எதிராளியும் அதைச் செய்துவிட்டால், சொன்னவரைப் பொறுத்தவரை அதுவே முடிவான சாட்சி. ஆனால் மூன்றாம் ஆளைப் பாதிக்கும் சத்தியத்தைச் சட்டம் ஏற்கவில்லை; பிள்ளையின் தலையிலடித்துச் செய்யும் சத்தியம் அதனால் வாசலோடு நின்றது.

தனிமனிதனைவிட்டு ஓர் இனத்தையே பொய்யர் என்றால் என்ன செய்வது? 1905 பிப்ரவரியில் கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், உண்மை என்னும் உயர்ந்த இலட்சியம் பெரிதும் மேற்குலகுக்கே உரியது என்ற பொருளில் வைஸ்ராய் கர்சன் பேசினார். அமிர்த பஜார் பத்திரிகா என்ற நாளிதழ் அவருடைய நூலையே எடுத்து விரித்தது. கொரியாவில் அதிகாரி ஒருவர் வயது கேட்டபோது, 33 வயதுக்காரரான தாம் 40 என்று சொன்னதைக் கர்சனே பெருமையாக எழுதியிருந்தார். வாளும் வேண்டியிருக்கவில்லை, சூடமும் வேண்டியிருக்கவில்லை; அச்சே போதுமானதாயிருந்தது.

மலாயாத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியிடம் அச்சு எந்திரம் ஏது? ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் வரை இருந்த ரப்பர்க் காடுகளில் பழி எப்போதும் மேலிருந்து கீழேதான் விழுந்தது. காண்டாக் கம்பு என்ற தோள்தடியில் சுமந்து வந்த ரப்பர்ப் பாலை ஸ்டோரில் இறக்கியதும், தோட்டக் கணக்கரான கிராணி அதில் மெட்ரோலேக் என்ற மிதவைக் கருவியை விடுவார். அது காட்டும் ரப்பர் அளவு குறைந்தால் "பால்ல தண்ணி கலந்தியா?" என்ற கேள்வி வரும். மழைநீர் பால் வடியும் மங்கில் இறங்கினாலும் அளவு குறையும். ஆனால் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டை எழுதும் பேனா கிராணியின் கையில். காய்ச்சல் என்றாலும் இதே கதை: நோய் நிஜமா நடிப்பா என்று தீர்மானிப்பவர் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸர். தகுந்த காரணமின்றி வேலைக்கு வராதது 1920களின் தொடக்கம் வரை தண்டனைக்குரிய குற்றமாகவே இருந்ததால், "பொய் சொல்கிறான்" என்ற ஒரு சொல் ஆளைச் சிறைவரை கொண்டுபோகக் கூடியது. முனியாண்டி கோயிலில் அவன் சூடம் அணைக்கலாம்; தோட்ட மேலாளரான துரைக்கு அது கணக்கில்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும், கொடுமைக்காரப் பணியாளர்களை நீக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். இவற்றை உதிரிக் கோரிக்கைகளாகத் தள்ளிவிடுவது தவறு. தனியாளுக்கு இல்லாத மறுமொழி உரிமையைக் கூட்டமாகக் கோரியதாகவே நான் இதைப் படிக்கிறேன். அரசு துப்பாக்கியால் பதில் சொன்னது. நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தியது.

சூடத்தின் மறுமொழியும் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை: இந்தியாவில் 1873ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 1969இல் புதுச் சட்டம் வந்தபோது, வழக்கை முடிக்கும் அந்தச் சத்தியத்துக்கு அதில் இடம் தரப்படவில்லை.