உருகினாலும் பிரியாத சீஸ்

போன வாரம் நான் ஒரு சின்ன சோதனை பண்ணேன். நல்லா முதிர்ந்த செட்டார் சீஸை வாணலியில போட்டு உருக்கினேன். எண்ணெய் தனியா ஓடிருச்சு, மிச்சம் திரிதிரியா நின்னுச்சு. அதே வாணலியில ஸ்லைஸ் சீஸ் வழவழன்னு உருகுது. இது எப்படின்னு தேடினா, கதை சுவிட்சர்லாந்துக்குப் போகுது.

சுவிஸ்காரர்களுக்கு எமென்டால் சீஸை வெயில் நாடுகளுக்கு அனுப்பணும். ஆனால் சூட்டில் அது ரொம்ப நாள் தாங்காது. 1911-ல் தூன் நகரத்தில் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர், சீஸோடு சோடியம் சிட்ரேட் என்ற உப்பைச் சேர்த்துச் சூடாக்கினார்கள். எண்ணெய் பிரியவே இல்லை.

காரணம் இதுதான். சீஸில் கேசீன் என்ற புரதத்தைக் கால்சியம் கட்டிப் போட்டிருக்கும். சிட்ரேட் அந்தக் கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். கட்டு அவிழ்ந்த கேசீன் ஒரு பக்கம் தண்ணீரையும் மறுபக்கம் கொழுப்பையும் பிடித்துக்கொள்ளும். ஃபாண்டூவில் ஊற்றும் ஒயினின் அமிலமும் கொஞ்சம் இதே வேலையைத்தான் செய்யுது.

அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட், செட்டாரைச் சூடாக்கி விடாமல் கிளறும் முறைக்கு 1916-ல் காப்புரிமை வாங்கினார். முதல் உலகப் போரில் அவருடைய டின் சீஸ் ராணுவத்துக்குப் போனது.

ஆனா உப்பு மட்டும் போதாது, சீஸோட வயசும் முக்கியம். இளம் சீஸில் கேசீன் இன்னும் உடையாமல் நீளமா இருக்கும். அதனால கெட்டியான, வளையக்கூடிய ஸ்லைஸ் கிடைக்கும். ஆனா ருசி சப்புன்னு இருக்கும். மாதக்கணக்கில் முதிரும்போது நொதிகள் கேசீனைத் துண்டாக்கிவிடும். ருசி கூடும், பிடிமானம் குறையும். அதனால் ஸ்லைஸுக்கு இளசு அதிகம். ரொட்டியில் தடவும் வகைக்கு முதிர்ந்ததும் தண்ணீரும் கூடுதல்.

இதை "போலி சீஸ்"னு சொல்றவங்க உண்டு. எனக்கு அது நியாயமா படலை. பல வயசு சீஸ்களைச் சேர்த்துச் செஞ்ச பண்டம் இது. ஆனா ஒரு இழப்பும் இருக்கு. ஒவ்வொரு பண்ணைக்கும், ஒவ்வொரு பருவத்துக்கும் இருந்த தனி ருசி அந்தக் கொப்பரையில ஒண்ணாக் கரைஞ்சு போச்சு. சீஸ் தூர தேசம் போக, அந்த விலையைக் கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த தடவை ஸ்லைஸை மடிச்சுப் பாருங்க. உடையாம வளைஞ்சா, அது பெரும்பாலும் இளம் சீஸோட வேலை.