‘அகலப்பாதை இழுவை வண்டி’: ஒரு கவச ஊர்தியின் பெயரும் மஞ்சூரிய இருப்புப்பாதையும்

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஜப்பானியப் படை பயன்படுத்திய கவச ஊர்திகளுள் ஒன்று, சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடவல்லது. மேலைநாட்டுப் போர்க்கருவி நூல்கள் இதனைச் ‘சுமிதா 2593’ எனக் குறிக்கும். ஜப்பானியப் படை இட்ட பெயரோ ‘91 வகை அகலப்பாதை இழுவை வண்டி’ என்பதாகும். இப்பெயரில் கவசமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. எனினும் பெயரின் கூறுகளைப் பிரித்து நோக்கின், இவ்வூர்தி எந்நிலத்திற்காக, யாருக்கு எதிராகச் செய்யப்பட்டது என்பதை அறியலாம்.

எண்ணிலிருந்து தொடங்கலாம். முதற் பேரரசர் ஜிம்மு அரியணை ஏறியதாகத் தொன்மம் கூறும் கி.மு. 660-ஐ முதலாகக் கொண்டு ஜப்பானியர் ஆண்டு கணித்தனர். அதன்படி 1931 என்பது 2591. அதன் இறுதி இரு இலக்கங்களே 91. மேலைநூல்கள் வழங்கும் 2593 என்பது 1933-க்குரிய எண். இவ்விரட்டை வழக்கால் இரண்டும் வெவ்வேறு ஊர்திகள் என மயங்குவோர் உளர். சுமிதா என்பது தோக்கியோவினூடே ஓடும் ஆறு. இஷிகாவாஜிமா தொழிலகம் தன் மோட்டார் வண்டிகளுக்கு அப்பெயரைச் சூட்டியது.

‘அகலப்பாதை’ என்னும் சொல்லே ஈண்டு முதன்மையானது. இந்திய வாசகர் இதனை நம் 1676 மி.மீ. அகலப்பாதையாகக் கொள்ளலாகாது. ஜப்பானிய அரசு இருப்புப்பாதைகள் 1067 மி.மீ. அகலமே உடையவை. எனவே, நம் மீட்டர் பாதைக்கும் அகலப்பாதைக்கும் இடைப்பட்ட 1435 மி.மீ. பாதை அவர்களுக்கு அகலப்பாதை ஆயிற்று. தென்மஞ்சூரிய இருப்புப்பாதை அத்தகையது. தாய்நாட்டுக் காவலுக்காக இவ்வூர்தி எழவில்லை என்பதற்கு அதன் பெயரே சான்று.

அப்பாதை ஜப்பானுக்கு வந்த வரலாறு போரொடு பிணைந்தது. ரஷியாவை வென்றபின் 1905-இல் போர்ட்ஸ்மத் உடன்படிக்கையால் சாங்சுன் முதல் ஆர்தர் துறைமுகம் வரையுள்ள பாதையை ஜப்பான் பெற்றது. 1906-இல் தென்மஞ்சூரிய இருப்புப்பாதை நிறுவனம் தோன்றியது. பாதையைக் காக்கக் கிலோமீட்டருக்கு 15 வீரர்க்கு மிகாமல் நிறுத்தலாம் என அவ்வுடன்படிக்கை வரையறுத்தது. சீன மண்ணில் அந்நியப் படை நிற்பதற்குத் தண்டவாளமே சட்டத்தின் பிடிமானமாயிற்று. அக்காவற்படையிலிருந்து வளர்ந்ததே குவாண்டுங் படை. 1931 செப்டம்பர் 18 இரவு முக்டென் நகரருகே அப்படையினரே தண்டவாளத்தில் வெடி வைத்துப் பழியைச் சீனர்மேல் சுமத்தினர். சேதம் மிகச் சிறிது. சற்று நேரத்தில் ஒரு தொடர்வண்டி அவ்விடத்தைக் கடந்து சென்றது. ஆயினும் ‘பாதைக் காவல்’ என்னும் பெயரால் படை பாதையை விட்டிறங்கி மறுநாளே முக்டெனைக் கைப்பற்றியது. 1932 மார்ச்சில் மஞ்சுகுவோ என்னும் பொம்மை அரசு அறிவிக்கப்பட்டது.

தண்டவாளத்திலிருந்து இறங்கும் அச்செயலையே இவ்வூர்தியின் பொறியமைப்பும் செய்கிறது. ஆறு சக்கரங்கள், ஆறு பேர் கொண்ட குழு, மேலே ஒரு சிறு சுழற்கோபுரம், சுற்றிலும் சுடுவதற்கான துளைகள். தண்டவாளத்தில் விளிம்புடைய எஃகுச் சக்கரங்களால் மணிக்கு 60 கி.மீ. வரை ஓடும். சாலைக்கு இறங்கும்போது ஊர்தியிலேயே பொருத்தப்பட்ட ஜாக்கிகளால் அதனை உயர்த்தி, பக்கங்களில் தொங்கும் திண்ரப்பர் வளையங்களைச் சக்கரங்களில் மாட்டுவர். அவற்றோடு 40 கி.மீ. வேகம் இயலும். மாற்றத்திற்கு ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும். பெட்டிகளை இணைக்கும் கொக்கியும் உண்டு. ஆதலின் ‘இழுவை வண்டி’ என்பது முழுப் பொய்யன்று.

அப்பத்து நிமிடங்கள் கருதத்தக்கவை. பீரங்கியுடைய எதிரியின் முன் வீரர்கள் வெளியே இறங்கிச் சக்கரம் மாற்றிக்கொண்டிருக்க இயலாது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு மறையும், துப்பாக்கியன்றி வேறில்லாத எதிர்ப்புக் குழுக்களையே இதனை வடிவமைத்தோர் கருத்திற் கொண்டிருத்தல் வேண்டும். இவ்வகையில் இதற்கு ஓர் இந்திய உறவும் உண்டு. ஜப்பான் 1920-களில் இங்கிலாந்திலிருந்து வாங்கிய விக்கர்ஸ்–கிராஸ்லி கவச ஊர்தி, ஆங்கிலேயர் இந்தியாவில் ஆட்சிக் காவலுக்குப் பயன்படுத்திய குவிமாடக் கோபுர ஊர்திகளின் இனத்தைச் சேர்ந்தது. 1932-இல் ஷாங்காய்த் தெருக்களில் ஜப்பானியக் கடற்படையினர் அதனை ஓட்டினர்.

1935-இல் வடமஞ்சூரியாவின் சீனக் கிழக்கு இருப்புப்பாதையைச் சோவியத் அரசு மஞ்சுகுவோவுக்கு விற்றது. அது 1524 மி.மீ. பாதை. அவ்வாண்டின் எண்ணைத் தாங்கி வந்த அடுத்த ஊர்தி, சங்கிலிப் பட்டைகளில் ஊர்வது. தண்டவாளச் சக்கரங்களை வேண்டும்போது இறக்கவும் உள்ளிழுக்கவும் வல்லது. வெவ்வேறு அகலமுள்ள பாதைகளுக்கும் ஏற்றது. அதற்கு ஜப்பானியப் படை இட்ட பெயர் ‘95 வகைக் கவச இருப்புப்பாதை ஊர்தி’.