எளிய உரைப் பக்கங்களில் டெர்மினல் நிறக் குறிகள்

டெர்மினல் திரையில் எழுத்தின் நிறத்தை மாற்றுவதற்காக உரைக்குள்ளேயே செருகப்படும் கட்டுப்பாட்டுக் குறிகள். எண் 27 கொண்ட எஸ்கேப் எழுத்து, ஒரு சதுர அடைப்பு, சில எண்கள், முடிவில் சிறிய ‘எம்’ என இவை அமையும். 31 என்றால் சிவப்பு, 32 என்றால் பச்சை. 0 வந்தால் எழுத்து இயல்பு நிலைக்குத் திரும்பும்.

இத்தகைய குறிகளை 1976-இல் ஈசிஎம்ஏ-48 தரமும், 1979-இல் அமெரிக்காவின் ஆன்சி எக்ஸ்3.64 தரமும் முறைப்படுத்தின. 1978-இல் டெக் நிறுவனத்தின் விடி100 டெர்மினல் இம்முறையைப் பரப்பியது. அதன் திரையோ ஒற்றை நிறம். தனிநபர் கணினியில் நிறக் குறிகள் புழங்கியது, 1983-இல் எம்எஸ்-டாஸ் 2.0 கொண்டுவந்த ஆன்சி.சிஸ் என்னும் நிரல் வழியாக. அதே நிரல் விசைப்பலகையின் விசைகளுக்கு வேறு கட்டளைகளை ஏற்றவும் இடம் கொடுத்தது. ஓர் உரைக்கோப்பைத் திரையில் காட்டினாலே போதும், ஏதோ ஒரு விசை கோப்புகளை அழிக்கும் விசையாகிவிடலாம். இதற்கு ‘ஆன்சி குண்டு’ என்று பெயர். யூனிக்ஸ் டெர்மினல்களிலும் இவ்வகை ஓட்டைகள் இருப்பதை 2003-இல் பாதுகாப்பு ஆய்வாளர் எச்.டி. மூர் விரிவாக எழுதிக் காட்டினார்.

1991-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த, இணையத்தில் எளிய உரைப் பக்கங்களைத் தரும் கோஃபர் நெறிமுறை நிறத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனாலும் படிப்பவர் டெர்மினலில் இருந்தால், உரையில் கிடந்த குறிகள் தாமாகவே வேலை செய்தன. 2019-இல் தொடங்கிய ஜெமினி என்னும் அதே வகை நெறிமுறை, உள்ளடக்கம் எழுதுபவருடையது, தோற்றம் படிப்பவருடையது என்று பிரித்தது. மும்மூன்று பின்சாய் குறிகளுக்கு (```) இடையே வரும் பகுதியைக்கூட அலங்காரமின்றிக் காட்டச் சொல்கிறது அதன் விவரக்குறிப்பு. இருந்தும் அம்ஃபோரா, லக்ராஞ்ச் போன்ற உலாவிகள் எழுத்தோவியங்களுக்காக அங்கே நிறத்தை ஏற்கின்றன, வேண்டாதவர் அணைத்துவிடலாம். இது நல்ல ஏற்பாடு.

உலாவி இக்குறிகளைக் கையாள்வதில் முதல் விதி, ‘எம்’ என முடியும் குறிகளை மட்டும் அனுமதித்து, மற்றவற்றை முழுமையாக நீக்குவது. டெர்மினலில் உரைக்கோப்புகளைக் காட்டும் ‘லெஸ்’ நிரலின் பெரிய ‘ஆர்’ விருப்பமும் நிறக் குறிகளை அனுமதிக்கிறது, ஆனால் மற்றவற்றை நீக்காமல் செயல்படாத எழுத்துகளாகக் காட்டுகிறது. எஸ்கேப் எழுத்தை மட்டும் நீக்கினால் அடைப்பும் எண்களும் வரியெங்கும் சிதறிக் கிடக்கும். திரைவாசிப்பான் அவற்றையும் பார்வையற்றவரின் காதில் ஓதும். பகுதி முடிந்ததும் நிறத்தை மீட்டமைக்காவிட்டால், அடுத்த பத்திகளும் சிவப்பாகவே ஓடும்.

எழுதுபவர் நிறத்தைத் தேரும்போது படிப்பவரின் பின்னணி அவருக்குத் தெரியாது. கருப்புத் திரையில் எடுப்பாக நிற்கும் மஞ்சள், வெள்ளைத் திரையில் மறைந்துபோகும். அடிப்படையான 16 நிறங்களைப் படிப்பவர் தம் அமைப்பில் மாற்றிக்கொள்ள முடியும். 256 நிறத் தொகுப்பின் எஞ்சியவையும், சிவப்பு-பச்சை-நீல அளவுகளாகத் தரப்படும் நிறங்களும் பெரும்பாலும் அப்படி வளைந்துகொடுப்பதில்லை. எனவே இத்தகைய பக்கங்களுக்கு அந்த 16 நிறங்களே ஏற்றவை.