காற்றை வெளியேற்றிய கதை

ஜொகூரின் தென்மேற்குக் கடலோரத்தில், பொந்தியான் மாவட்டத்தில் இருக்கிறது தஞ்சோங் பின் அனல் மின்நிலையம். 2006-2007ஆம் ஆண்டுகளில் தலா 700 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகள் இங்கே இயங்கத் தொடங்கின. 2016இல் 1000 மெகாவாட் அலகு ஒன்றும் சேர்ந்தது. நிலக்கரியை எரித்து, நீராவியால் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். இது பலருக்கும் தெரியும். ஆனால், அப்படி எடுக்கும் ஆற்றலில் ஒரு பங்கைக் காற்றே தின்றுவிடும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஓடும் பேருந்தின் சன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் காற்று தள்ளுகிறதல்லவா? ஜெனரேட்டருக்குள்ளும் அதே கதைதான். ஒரு மீட்டர் விட்டமுள்ள சுழலி நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால், அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 565 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. வேகம் இரண்டு மடங்கானால், காற்றோடு உராய்வதில் வீணாகும் ஆற்றல் ஏறத்தாழ எட்டு மடங்காகும். வீணாவது வெப்பமாக மாறி இயந்திரத்தையே சுடுகிறது.

இயந்திரங்கள் சிறியவையாக இருந்தவரை இது பெரிய குறையாகத் தெரியவில்லை. அவை பெருக்கப் பெருக்க, பொறியாளர்கள் வழி தேடினார்கள். கிடைத்த விடை ஹைட்ரஜன். அதன் அடர்த்தி காற்றில் பதினான்கில் ஒரு பங்குதான். வெப்பத்தைக் கடத்துவதிலோ காற்றைவிட ஏழு மடங்கு திறமை. உராய்வும் குறையும், சூடும் தணியும்.

ஆனால் அது தீப்பற்றும் வாயு ஆயிற்றே! 1937 மே மாதம் அமெரிக்காவில் ஹிண்டன்பர்க் என்ற ஆகாயக் கப்பல் ஹைட்ரஜனோடு எரிந்து 36 பேர் மாண்டனர். அதே 1937இல்தான், அதே அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில், ஹைட்ரஜனால் குளிரூட்டப்பட்ட டர்பைன் ஜெனரேட்டர் பணிக்கு வந்தது.

இது கண்மூடித்தனமான துணிச்சலா? இல்லை. காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை கலந்திருந்தால்தான் ஹைட்ரஜன் எரியும். தூய ஹைட்ரஜன் தானாக எரியாது. எனவே அதை வெளிக்காற்றைவிட அதிக அழுத்தத்தில் வைக்கிறார்கள். கசிந்தாலும் வாயு வெளியே போகுமே தவிர, காற்று உள்ளே வராது. வாயுவை நிரப்பும்போதும் வெளியேற்றும்போதும் இடையில் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். இரண்டும் சந்திக்கவே கூடாது என்பதுதான் விதி.

இன்று உலகெங்கும் பெரிய அனல் மின்நிலைய ஜெனரேட்டர்களில் இதுவே வழக்கம். 1000 மெகாவாட்டில் ஒரு விழுக்காடு மிச்சமானால் 10 மெகாவாட். அத்தனைக்கும் எரிக்க வேண்டிய நிலக்கரியும் மிச்சம், புகையும் மிச்சம். சிறுதுளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமல்ல, இழப்புக்கும் பொருந்தும்.