வாழைக்குள் இருந்த காவல்
சயானிலிருந்து செம்பூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை டிராம்பேயை அடைகிறது. அங்குள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வாழையின் முடிக்கொத்து நோய்க்கு ஒரு விடை உருவானது. 1940 வாக்கில் கேரளத்திற்கு வந்த இந்நோய், பின்னர் பழனி மலைச்சரிவின் விருப்பாச்சி வாழைத் தோட்டங்களைச் சூறையாடியது. நோயுற்ற வாழையை வேரோடு அழிப்பதே உழவர் கைக்கொண்ட வழி.

1998இல் ஃபயரும் மெல்லோவும் ஈரிழை ஆர்என்ஏ மரபணுவை அடக்குவதைப் புழுவில் நிறுவினர். மறு ஆண்டே ஹாமில்ட்டனும் பால்கோமும் தாவரங்களில் அதற்குரிய குறு ஆர்என்ஏக்களைக் கண்டனர். இவை அயல் மரபணுவின் செய்தியோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தி அதனை இனங்காட்டும். உடனிருக்கும் புரதம் அதனை வெட்டும்.

வைரசின் பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் மரபணுவின் ஒரு பகுதியை ஈரிழையாக உருவாகுமாறு வாழைக்குள் செலுத்திய டிராம்பே ஆய்வு 2012இல் வெளிவந்தது. வைரஸ் சுமந்த அசுவினிகளை விட்டு ஆறு மாதம் கடந்தும் அவ்வாழைகளில் நோயறிகுறி தோன்றவில்லை. வாழைக்குள் முன்பே இருந்த காவலுக்குப் பகையின் அடையாளம் முன்கூட்டிக் காட்டப்பட்டது.