விலைப்பட்டியும் சாட்சிக் கூண்டும்

அச்சில் ஏறியதெல்லாம் மெய்யென்று நம்புவது நம்மவரிடம் வேரூன்றிவிட்ட வழக்கம். ஒரு பெண்ணின் பெயரும், அவளை நாடுவோர் கொடுக்கவேண்டிய தொகையும் விளம்பரமாக வெளிவந்தால், அத்தொகை நியாயஸ்தலத்திலே சாட்சியமாகுமா? இவ்வினாவுக்கு விடை தேடி இங்கிலாந்தின் சரித்திரத்தைப் புரட்டுவோம்.

1757 முதல் 1795 வரை லண்டன் மாநகரில் 'ஹாரிஸின் பட்டியல்' என்றொரு சிறு நூல் ஆண்டுதோறும் வெளிவந்தது. விலை இரண்டரை ஷில்லிங். காவெண்ட் கார்டன் வட்டாரத்து விலைமாதரின் இருப்பிடம், உருவம், குணம், கட்டணம் யாவும் அதில் வருணிக்கப்பட்டன. தொடக்கத்தில் அதனை எழுதியவர் சாமுவேல் டெரிக் என்னும் கவிஞர் என்பர். 1795இல் பிரசுரகர்த்தர்கள் அபராதமும் சிறையும் பெற்றனர், நூலும் நின்றது. ஆயினும், அதிற்கண்ட கினிக் கணக்கை அப்பெண்களின் வருமானமென்றே கொள்வாருளர். பொருளை விற்பவன் அதனைப் புகழ்ந்துரைப்பது இயல்பன்றோ? அவன் எழுதிய தொகையில் அப்பெண்ணின் கைக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதற்கு அங்கே ஒரு வரியும் இல்லை.

தோட்டத்துக் கணக்கு எழுதும் நமக்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கும். இன்ன கூலி கொடுக்கப்படுமென்று பலகையில் எழுதிவைப்பது ஒன்று. அக்கூலியைத் தொழிலாளி எண்ணி வாங்கினான் என்பது மற்றொன்று. முன்னதைக் கொண்டு பின்னதை நிரூபிக்க முடியாது.

இனி, அடுத்த நூற்றாண்டையும் கடந்து வருவோம். 1959ஆம் ஆண்டுச் சட்டம், தெருவில் நின்று ஆடவரை அழைப்பதைத் தண்டனைக்குரியதாக்கவே, ஷா என்பவர் 'மாதர் வழிகாட்டி' எனப் பொருள்படும் ஏடொன்றை வெளியிட்டு, விலைமாதரின் விளம்பரங்களைக் காசு பெற்று அச்சிட்டார். வழக்கில் அவ்வேடு மட்டும் பேசவில்லை. விளம்பரம் செய்த பெண்களே கூண்டிலேறி, பணம் கொடுத்ததையும், விளம்பரத்தால் வாடிக்கையாளர் வந்ததையும் கூறினர். ஷாவுக்கு ஒன்பது மாதச் சிறை. 1961இல் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அவளுக்கு மளிகை விற்பவனும் மருந்து கொடுப்பவனும் அவள் சம்பாத்தியத்தில் வாழ்பவராகார். அவள் அத்தொழிலில் இருப்பதையே தன் பிழைப்பாக்கிக் கொண்டவன் அவ்வாறு வாழ்பவனே என்றார் சைமண்ட்ஸ் பிரபு. பொது ஒழுக்கத்தைக் கெடுக்கச் சதி செய்தான் என்னும் குற்றச்சாட்டை ரீட் பிரபு ஏற்கவில்லை. புதுக் குற்றம் வகுப்பது பார்லிமெண்டின் வேலை என்பது அவர் கருத்து.

ஸ்டீபன் என்னும் ஆங்கிலேயர் 1872இல் இந்தியாவுக்கு வகுத்த சாட்சியச் சட்டத்தைத் தழுவியதே 1893இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்த சட்டம். மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வழியதே. விலக்குகள் சில உண்டெனினும், பொதுநெறி ஒன்றே: எழுத்து இருக்கிறதென்பதை ஏடே காட்டும், எழுதியது மெய்யென்பதை அறிந்தவர் வந்து சொல்லவேண்டும்.

ஆகவே, விளம்பரத் தொகை விலை கூறியதற்குச் சாட்சி. பணம் பெற்றதற்குச் சாட்சியாகாது. விலை கூறியவன் யாரென்று கேட்டால், விரல் பெரும்பாலும் அச்சிட்டவன் பக்கமே நீளும். நம் ஊர்களிலோ, துண்டுக் காகிதத்தில் ஒரு பெண்ணின் பெயரைக் கண்டதும் பஞ்சாயத்துக் கூட்டி அவளைத் தள்ளிவைக்கிறோம். எழுதியவனை அழைத்து ஒரு கேள்வியேனும் கேட்பதில்லை. அவனை முதலில் கூண்டில் ஏற்றுவோம். அவள் பேச விரும்பினால் காது கொடுப்போம். நியாயம் அங்கிருந்தே தொடங்கும்.