பழைய ஆங்கில அச்சுநூல்களின் மின்பதிப்பும் மாணவர் பங்கும்

வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அன்று தொட்டு 1700 வரை இங்கிலாந்தில் அச்சேறிய நூல்களுள் பல, இன்று ஓரிரு படிகளாகவே எஞ்சியுள்ளன. இவற்றை மின்பதிப்பாக்கும் பணியில் மாணவர் ஆற்றிய பங்கினை ஈண்டு நோக்குவோம்.

இப்பணிக்கு அடித்தளம் இட்டவை நுண்படச் சுருள்களே. யூஜீன் பவர் 1938இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் தொடங்கிய நிறுவனம் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் முதலிய இடங்களிலிருந்த நூல்களைப் படமெடுத்தது. அப்படங்கள் பின்னர்க் கணினியேறின. 1999இல் மிச்சிகன், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகங்கள் முன்னின்ற கூட்டுத்திட்டம் அவற்றைத் தட்டெழுதத் தொடங்கியது. 2015 சனவரி 1ஆம் நாள் 25,000க்கு மேற்பட்ட நூல்கள் பொதுப் பயன்பாட்டிற்கு வெளிவந்தன.

தட்டெழுதியோர் மூலநூலைக் கண்டவரல்லர். படத்தின் படத்தையே கண்டனர். தெளிவற்ற எழுத்தை ஊகிக்காமல் குறியிட்டுச் செல்வதே அவர்களுக்கு இடப்பட்ட விதி. நேர்மையான விதிதான். ஆயினும் சேக்சுபியர் காலத்து நாடகங்கள் பலவற்றில் அக்குறிகள் மலிந்து, படிப்போர்க்கு இடராயின.

2013இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக இளங்கலை மாணவர் சிலர், பேராசிரியர் மார்ட்டின் முல்லரின் வழிகாட்டலில் இக்குறைகளைக் களைய முற்பட்டனர். எளிய பணிபோல் தோன்றும், அன்று. அன்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இழத்தலைக் குறிக்கும் சொல்லும் மூன்றாம் எழுத்தால் மட்டுமே வேறுபடுவன. அக்கால நெடிய 'எஸ்' எழுத்தோ 'எஃப்' என்றே மயங்கும். ரகரமும் காலும் மயங்கும் ஏடுகளைப் படித்த நம்மவர்க்கு இத்தொல்லை புதிதன்று.

இதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. அக்கால அச்சகத்தார், அச்சிடும்போதே பொறியை நிறுத்திப் பிழை திருத்துவர். திருத்துமுன் அச்சான தாள்களையும் வீசாது சேர்த்துக் கட்டுவர். எனவே ஒரே பதிப்பின் படிகளும் தம்முள் வேறுபடும். சார்ல்டன் ஹின்மன், 1623ஆம் ஆண்டுச் சேக்சுபியர் தொகுப்பின் ஐம்பதுக்கு மேற்பட்ட படிகளை ஒப்பிட்டு 1963இல் இதனை விரிவாக நிறுவினார். அங்ஙனமாயின், ஒரு படியில் மறைந்த சொல்லை மற்றொரு படிகொண்டு நிரப்பும் மாணவர், எந்த வாசகரும் கைக்கொண்டிராத ஒரு நூலைப் படைத்தவராகாரோ? ஆகலாம். எனினும் எந்தப் படியிலிருந்து, யாரால் நிரப்பப்பட்டது என்பது பதிவாகுமெனின் அது குற்றமன்று என்பதே நம் துணிபு. பதிவின்றித் திருத்தியதே பழைய பதிப்பாசிரியர் பலரின் குறை.

ஒரே படி எஞ்சிய நூலில் தாள் கிழிந்திருப்பின், ஒப்பிட வேறொன்றில்லை. அவ்விடத்தில் மாணவர் குறியை அப்படியே விட்டு அடுத்த வரிக்குச் செல்வதே முறை.